மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட்: கடலூரிலிருந்து ஒரு வருஷம் பயன்படுத்திப் பார்த்ததில்

எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் வழிகாட்டும் பொறுப்பு போன கல்வியாண்டில் என்னிடம் வந்தது. கடலூரில் இருக்கிற எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரே ஒரு மஃபிள் ஃபர்னஸ் (மின்சார உலை), அதுவும் 500 டிகிரியைத் தாண்டினால் எம்சிபி, அதாவது மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச், விழுந்துவிடும். எக்ஸ்-ரே எடுக்க வேண்டுமானால் பொடியைப் பொட்டலம் கட்டி வெளியூருக்கு அனுப்ப வேண்டும், அதற்கு மாணவர்களே காசு சேர்த்துக் கட்ட வேண்டும். அதனால் வருஷா வருஷம் துத்தநாக ஆக்சைடு நானோ துகள், அதற்கு ஒரு இலைச்சாறு, இந்த வருஷம் வேப்பிலை என்றால் அடுத்த வருஷம் முருங்கை, இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், கையில் இருந்ததை வைத்துச் செய்தார்கள்.

போன வருஷம் நான்கு பேரை வைத்துக்கொண்டு வேறு வழியில் இறங்கினேன். சூரிய ஒளியை மின்சாரமாகவோ எரிபொருளாகவோ மாற்றக்கூடிய பொருள்களைக் கணினியில் தேடுவது, அதற்கு மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட் என்கிற இலவசத் தரவுத்தளத்தைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம். ஜூலையில் ஆரம்பித்து ஏப்ரல் வரை கிட்டத்தட்ட தினமும் அதில்தான் இருந்தோம். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அந்த அரை ஏன் குறைந்தது என்பதைத்தான் இங்கே அதிகமாக எழுதப்போகிறேன், ஏனென்றால் அது தெரியாமல் உள்ளே போனால் ஒரு செமஸ்டர் போய்விடும், எங்களுக்கு இரண்டு மாதம் போனது.

என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கிறிஸ்டின் பெர்சன் தலைமையில் 2011-ல் தொடங்கியது இது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கனிமச் சேர்மங்கள் உள்ளே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் படிக அமைப்பு, உருவாகும் ஆற்றல், பேண்ட் கேப் (பொருளுக்குள் கட்டுண்ட எலெக்ட்ரான் விடுபட்டு மின்சாரம் கடத்தத் தாண்ட வேண்டிய ஆற்றல் இடைவெளி, உலோகத்துக்கு அது கிடையாது), எக்ஸ்-ரே எடுத்தால் எந்தக் கோணத்தில் கோடு விழும் என்பது வரை சூப்பர் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். கவனியுங்கள், அளந்து வைத்தது இல்லை, கணக்குப் போட்டு வைத்தது. அடிப்படை டி.எஃப்.டி. எனப்படும் அடர்த்திச் சார்பியக் கோட்பாடு. ஒரு பொருளுக்குள் இருக்கிற கோடானுகோடி எலெக்ட்ரான்களைத் தனித்தனியாகத் துரத்த வேண்டாம், எந்த இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்று தெரிந்தால் போதும், மொத்த ஆற்றலும் அதிலிருந்தே வரும் என்று வால்டர் கோன் 1964, 65-ல் இரண்டு பேரோடு சேர்ந்து காட்டினார். அதற்காக 1998-ல் அவருக்கு நோபல் கிடைத்தது, இயற்பியலுக்கு இல்லை, வேதியியலுக்கு.

தளத்தில் பயனர் கணக்கு தொடங்கக் காசு கிடையாது. உள்ளே போனால் தனிம அட்டவணை ஒன்று விரியும், வேண்டிய தனிமங்களைத் தொட்டுத் தேர்ந்தெடுத்தால் அவை சேர்ந்த சேர்மங்கள் எல்லாம் வரிசையாக வரும். பக்கத்தில் சல்லடைகள்: பேண்ட் கேப் இவ்வளவிலிருந்து இவ்வளவு, நிலைப்புத்தன்மை இவ்வளவு, இந்தத் தனிமம் வேண்டாம், இப்படி. ஒரு சேர்மத்தைத் திறந்தால் அதன் படிகத்தை விரலால் சுழற்றிப் பார்க்கலாம். பத்து வருஷமாகக் கரும்பலகையில் சாய்வாகக் கனசதுரம் வரைந்து வைரத்தின் அமைப்பை விளக்கிக்கொண்டிருந்தவன் நான். முதல் நாள் அதே அமைப்புள்ள சிலிக்கானைத் திறந்து கொடுத்தபோது நான்கு பேரும் அரை மணி நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான்.

சரி, இப்போது அந்த இரண்டு மாதக் கதை.

சோலார் செல்லுக்கு ஏற்ற பொருளின் பேண்ட் கேப் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு 1961-ல் ஷாக்லியும் குவைசரும் போட்ட கணக்கு இருக்கிறது. இடைவெளி சின்னதாக இருந்தால் நிறைய ஒளியை விழுங்கும், ஆனால் ஒவ்வொரு எலெக்ட்ரானிடமிருந்தும் கிடைக்கிற மின்னழுத்தம் குறைவு. பெரிதாக இருந்தால் மின்னழுத்தம் கூடும், ஆனால் சிவப்பு ஒளியெல்லாம் ஊடுருவிப் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் 1.34 எலெக்ட்ரான் வோல்ட் பக்கத்தில் உச்சம், அங்கேகூட ஒரே அடுக்கு செல்லுக்கு ஏறக்குறைய 33 விழுக்காடுதான் எல்லை. அதனால் மாணவர்களிடம் 1.1-லிருந்து 1.7 வரை சல்லடை போடுங்கள், ஈயம், காட்மியம், ஆர்சனிக் வேண்டாம், தங்கம், பிளாட்டினம் மாதிரி விலையுயர்ந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு செமஸ்டர் வேலைகளைப் பார்க்கப் போய்விட்டேன். அவர்களும் உழைத்து ஒரு நீளமான எக்செல் பட்டியல் தயார் செய்தார்கள். ஆகஸ்டு முழுக்க அந்தப் பட்டியலில் இருந்த ஒவ்வொரு பொருளைப் பற்றியும் படித்துக் குறிப்பெடுத்தார்கள்.

செப்டம்பரில் ஒரு நாள் மதியம், சோனாங்குப்பத்திலிருந்து வருகிற மாணவி துறைக்குள் வந்து போனை நீட்டினாள்.

“சார், லிஸ்ட்ல சிலிக்கானே இல்ல சார்.”

“எப்படிம்மா இல்லாம போகும்? சரியா தேடுனியா?”

“மூணு வாட்டி தேடிட்டேன் சார். தனியா போட்டா வருது. சல்லடை போட்டா காணாமப் போயிடுது.”

வாங்கிப் பார்த்தேன். சிலிக்கானின் பேண்ட் கேப் 1.12 என்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அங்கே 0.6 என்று இருந்தது. உலகத்தில் விற்கிற சோலார் பேனலில் பெரும்பாலானவை எந்தப் பொருளால் ஆனவையோ, அந்தப் பொருளையே எங்கள் சல்லடை வெளியே தள்ளிவிட்டது. காலியம் ஆர்சனைடைப் பார்த்தோம், உண்மையில் 1.42, அங்கே அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. ஜெர்மானியத்தை இந்த மாதிரிக் கணக்கில் போட்டால் உலோகமாகவே வந்து நிற்கும். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது, ஏனென்றால் இது தரவுத்தளத்தின் ரகசியம் இல்லை. அவர்களே விளக்கப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்: இந்தக் கணக்கில் பேண்ட் கேப் சராசரியாக 40 விழுக்காடு குறைத்தே வரும், மின்கடத்தாப் பொருள்கள் சில உலோகமாகக்கூடத் தெரியும் என்று. படிக்காமல் சல்லடையைக் கையில் கொடுத்தது நான்.

ஏன் குறைகிறது? கோனின் கோட்பாடு துல்லியமானது, ஆனால் அதற்குள் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து நகர்கிற விதத்தைச் சொல்லும் ஒரு பகுதிக்கு யாரிடமும் சரியான சூத்திரம் கிடையாது, தோராயம்தான். பெர்டியூ, பர்க், எர்ன்ஸர்ஹாஃப் மூவரும் 1996-ல் கொடுத்த பிபிஇ என்ற தோராயம் வேகமானது, படிக அமைப்பையும் ஆற்றலையும் நன்றாகவே சொல்லும், லட்சக்கணக்கான சேர்மங்களுக்கு ஓட்ட முடியும். ஆனால் அதில் எலெக்ட்ரான் தன் நிழலோடு தானே கொஞ்சம் முட்டிக்கொள்கிறது, அதனால் கட்டுண்டு இருக்க வேண்டிய எலெக்ட்ரான் சற்றுப் பரவிவிடுகிறது, நிரம்பிய பட்டைக்கும் காலிப் பட்டைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி சுருங்கிப்போகிறது. இதைச் சரிசெய்யக் கலப்புச் சார்பியங்கள் என்று வேறு முறைகள் உண்டு, சிலிக்கானை 1.1-க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும், ஆனால் நேரம் பல மடங்கு ஆகும். ஒன்றரை லட்சம் பொருளுக்கும் அதைச் செய்வது லேசான வேலை இல்லை.

ஆகவே நீங்கள் இதைப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் செய்ய வேண்டிய முதல் வேலை, தெரிந்த பத்துப் பொருளை எடுத்து அங்கே காட்டும் எண்ணையும் ஆய்வகத்தில் அளந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைப்பது. நாங்கள் சிலிக்கான், காலியம் ஆர்சனைடு, காட்மியம் டெலூரைடு, டின் சல்ஃபைடு, துத்தநாக ஆக்சைடு (பழைய பழக்கம்!) எல்லாம் எடுத்து ஒரு கிராஃப் போட்டோம். அதற்கப்புறம் சல்லடையை 0.4-லிருந்து 1.3 வரை இறக்கினோம். பட்டியல் பெரிதானது, வேலையும் கூடியது, ஆனால் சிலிக்கான் வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றைக்கு அந்த மாணவி அதை மஞ்சள் வண்ணத்தில் அடையாளமிட்டு வைத்தாள், இன்றைக்கும் அந்த எக்செல் ஷீட்டில் அப்படியே இருக்கிறது.

இந்தத் தளத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது நிலைப்புத்தன்மையை அவர்கள் காட்டுகிற விதம். வகுப்பில் இதை எப்படிச் சொன்னேன் என்றால், சுவரில் வெவ்வேறு உயரத்தில் ஆணிகள் அடித்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு ஆணியும் ஒரு சேர்மம், உயரம் அதன் ஆற்றல். இரண்டு ஓரத்திலும் கயிற்றைக் கட்டி, எல்லா ஆணிக்கும் அடிப்பக்கமாக விறைப்பாக இழுத்தால் கயிறு சில ஆணிகளை மட்டும் தொடும். தொடுகிறவை நிலைத்து நிற்கும். கயிற்றுக்கு மேலே இருக்கிற ஆணி பக்கத்து இரண்டு ஆணிகளாகப் பிரிந்துபோக வாய்ப்புண்டு, எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. அந்தத் தூரத்தை ஒவ்வொரு பொருளுக்கும் அணுவுக்கு இத்தனை எலெக்ட்ரான் வோல்ட் என்று கொடுத்திருக்கிறார்கள். பூஜ்ஜியம் என்றால் கயிற்றிலேயே இருக்கிறது. கொஞ்சம் மேலே இருந்தாலும் சில பொருள்கள் வாழும், வைரமே அப்படித்தான், கிராஃபைட்டை விடச் சற்று மேலே இருந்துகொண்டு எத்தனை கோடி வருஷமாக இருக்கிறது. அதனால் 0.02 வரை விட்டுவைத்தோம்.

கடலூரில் இருப்பவனுக்கு நிலைப்புத்தன்மை வெறும் எண் இல்லை. மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு மாடியில் 3 கிலோவாட் பேனல் போட்டிருக்கிறேன், பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வந்தது. பேனல் நன்றாக இருக்கிறது. ஆனால் மாட்டிக் கொடுத்தவர்கள் ஸ்டெயின்லெஸ் என்று சொல்லிப் போட்ட போல்ட்டுகள் முதல் மழைக்காலம் முடியும் முன்பே செம்மண் நிறமாகிவிட்டன, கையால் தொட்டால் பொடி உதிர்கிறது. கேட்டால் கடற்காற்று சார் என்றார்கள். கடற்காற்று இங்கே எப்போதும்தான் இருக்கிறது. நானே காசு கொடுத்து எல்லாவற்றையும் மாற்றினேன். மே மாதத்தில் இன்னொரு விஷயம்: பேனலின் திறனை 25 டிகிரியில் சோதித்துத்தான் முத்திரை குத்துவார்கள், அதற்கு மேல் போகும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3-லிருந்து 0.4 விழுக்காடு திறன் குறையும். மதியம் பேனலின் முதுகு 60 டிகிரி தொட்டால் பத்து விழுக்காட்டுக்கு மேல் அங்கேயே போய்விடுகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரோவ்ஸ்கைட் செல்கள் (பெரோவ்ஸ்கைட் என்ற கனிமத்தின் படிக அமைப்பைக் கொண்ட பொருளால் செய்த சோலார் செல்கள்) பற்றிப் பேசும்போது மாணவர்கள் முதலில் கேட்ட கேள்வியே ஈரம் பற்றியதுதான். 2009-ல் ஜப்பானில் மியசாகா குழு 3.8 விழுக்காட்டில் தொடங்கிய அந்தப் பொருள் இன்றைக்கு ஆய்வகத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. சோலார் வரலாற்றில் இவ்வளவு வேகமாக ஏறியது வேறில்லை. ஆனால் அதில் ஈயம் இருக்கிறது, ஈரம் பட்டால் கெட்டுப்போகிறது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும், அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை வெள்ளம் எங்கள் பக்கம் வந்து நின்றதும் நேரில் பார்த்த பிள்ளைகள் இவர்கள். அப்படிப்பட்ட ஊர் மாடியில், தண்ணீர் புகுந்தால் ஈய அயோடைடாகப் பிரிகிற ஒன்றை வைக்க முடியுமா என்று கேட்கத்தானே செய்வார்கள். அதே அமைப்பில் ஈயம் இல்லாமல், காற்றில் கெடாமல் ஒன்று கிடைக்குமா என்று தேடுவதற்குத்தான் கணினித் தேடல் உண்மையிலேயே உதவுகிறது. பேரியம் சிர்கோனியம் சல்ஃபைடு அப்படி ஒன்று. சேர்மம் பழையது, ஆனால் சோலாருக்கு ஆகும் என்று 2015-ல் ஒரு குழு கணக்குப் போட்டுச் சொன்ன பிறகுதான் ஆய்வகங்கள் அதைத் திரும்பிப் பார்த்தன. செய்து அளந்தபோது இடைவெளி 1.8 பக்கத்தில் இருந்தது, காற்றையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கியது. எங்களால் அதைச் செய்ய முடியாது, வழக்கமான முறையில் 1000 டிகிரி பக்கம் சூடாக்க வேண்டும்.

நான்கு பேரில் ஒருவன் மின்சாரத்தை விட்டுவிட்டு சூரிய ஒளியால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிற பக்கம் போனான். அவனுக்குத் தளத்தில் இருக்கிற பூர்பே வரைபடம் பெரிய துணை. ஒரு சேர்மத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் எந்த அமிலத்தன்மையில், எந்த மின்னழுத்தத்தில் தாங்கும், எங்கே கரையும் என்று வண்ணம் பிரித்துக் காட்டும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2012-ல் இதே மாதிரி ஏறக்குறைய 19,000 பெரோவ்ஸ்கைட் சேர்மங்களைக் கணினியிலேயே சலித்து, ஒரே படியில் தண்ணீரைப் பிரிக்க வெறும் 20-ஐத்தான் மிச்சம் வைத்தார்கள். 2017-ல் கால்டெக்கும் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) பெர்க்லியும் சேர்ந்து இந்த மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட் தரவை வைத்தே 174 வனடேட் (வனடியமும் ஆக்சிஜனும் உள்ள) சேர்மங்களில் தொடங்கி, செய்தும் பார்த்து, ஒளி பட்டால் தண்ணீரைப் பிரிக்க உதவும் 12 புதிய ஒளி மின்வாய்களைக் கண்டார்கள். அதற்கு முந்தைய நாற்பது வருஷத்தில் உலகமே கண்டுபிடித்தது 16-தான் என்று அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. இதைப் படித்துக் காட்டிய அன்று அந்தப் பையன் வீட்டுக்குப் போகவில்லை, கடைசி பஸ் வரை உட்கார்ந்து வனடியத்தோடு சேரும் தனிமங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் கேட்ட இன்னொரு கேள்வி, “சார், நம்ம கடல் தண்ணியிலேயே பண்ணலாமா?” பண்ணலாம்தான், ஆனால் தளம் காட்டுவது சாதாரணத் தண்ணீருக்கான வரைபடம், கடல் நீரில் குளோரைடு வந்து தனி வேதியியல் செய்யும், அதை இதிலிருந்து படிக்க முடியாது. அதையும் அறிக்கையில் எழுத வைத்தேன்.

இங்கே என் சொந்த ஞாபகம் ஒன்று. இந்தக் கணினித் தேடலோடு எனக்குத் தொடர்பு இப்போது வந்ததில்லை. 2011-ல் ஐபிஎம் நடத்திய வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் என்ற திட்டத்தில் சேர்ந்திருந்தேன். வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தில் ஹார்வர்டின் கிளீன் எனர்ஜி ப்ராஜெக்டுக்காகக் கணக்குப் போடும், பிளாஸ்டிக் போல வளையும் கரிமச் சோலார் செல்லுக்கு ஏற்ற மூலக்கூறு எது என்று. இரவில் திரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே தூங்குவேன். டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்தது. தெருவில் ஒரு கம்பம் நிற்கவில்லை, கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது, வந்த பிறகும் அந்தக் காலத்து மின்வெட்டில் அந்த டெஸ்க்டாப் சரியாக ஓடவே இல்லை. 2013-ல் அவர்கள் 23 லட்சம் மூலக்கூறுகளின் தரவை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டபோது செய்தியைப் படித்து, அதில் எங்கோ ஒரு மூலையில் மஞ்சக்குப்பத்துக் கரண்ட்டும் கொஞ்சம் இருக்கிறது என்று மனைவியிடம் காட்டினேன். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இன்றைக்கு அதே மாதிரித் தரவை என் மாணவர்கள் எடுத்துப் பயன்படுத்தும்போது அந்தச் சந்தோஷம் திரும்ப வருகிறது.

திரும்ப மதிப்புரைக்கு வருகிறேன். பேண்ட் கேப் தவிர வேறு எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

இந்தக் கணக்கு எல்லாம் பூஜ்ஜியம் கெல்வினில், அதாவது மைனஸ் 273 டிகிரியில், போட்டது. அணுக்கள் ஆடாமல் நிற்கிற உலகம் அது. சீசியம் ஈய அயோடைடு என்கிற பொருளின் கறுப்பு வடிவம்தான் சோலாருக்கு ஆகும், ஆனால் அது 300 டிகிரிக்கு மேல்தான் இயல்பாக நிலைக்கும், அறை வெப்பத்தில் மஞ்சளாக மாறிவிடும், மஞ்சளால் பிரயோஜனம் இல்லை. வெறும் கயிற்றுத் தூரத்தை வைத்துப் பார்த்தால் மஞ்சள்தான் ஜெயிக்கும், கறுப்பைச் சல்லடை தள்ளிவிடும் அபாயம் உண்டு. அதேபோல் கணக்கில் இருக்கிற படிகம் குறையே இல்லாத படிகம். செம்பு, துத்தநாகம், டின், கந்தகம் சேர்ந்த கெஸ்டரைட் காகிதத்தில் பிரமாதம், 1.5 இடைவெளி, எல்லாமே மலிவாகக் கிடைக்கிற தனிமம், ஆனால் நிஜத்தில் செம்பும் துத்தநாகமும் இடம் மாறி உட்கார்ந்துகொண்டு மின்னழுத்தத்தைத் தின்றுவிடுகின்றன. கந்தகத்தோடு செலினியமும் கலந்து செய்தபோதுகூடப் பல வருஷம் 12.6 விழுக்காட்டிலேயே நின்றது. தளத்தில் அதைத் திறந்து பார்த்தால் இந்தக் கஷ்டம் எதுவும் தெரியாது.

இன்னொன்று, நேர் இடைவெளியா (ஒளி பட்டதும் எலெக்ட்ரான் நேராக மேலே தாவும்) மறைமுக இடைவெளியா (அணுக்களின் அதிர்வும் துணைக்கு வர வேண்டும்) என்று தவறாமல் பாருங்கள், ஒவ்வொரு பொருளுக்கும் குறித்திருக்கிறார்கள். சிலிக்கான் மறைமுகம், அதனால்தான் ஒளியை முழுக்க விழுங்க நூறு மைக்ரானுக்கு மேல் தடிமன் தேவைப்படுகிறது. நேர் இடைவெளி உள்ள பொருளுக்கு ஒன்றிரண்டு மைக்ரான் படலம் போதும். வெறும் இடைவெளியை மட்டும் பார்க்காமல் ஒளியை எவ்வளவு வலுவாக விழுங்கும் என்பதையும் சேர்த்து மதிப்பிட 2012-ல் யூ, சுங்கர் இருவரும் ஓர் அளவுகோல் கொடுத்தார்கள். நேரம் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், எங்கள் பட்டியலில் வரிசையே தலைகீழானது.

செயற்கை நுண்ணறிவு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2023 நவம்பரில் கூகுளின் டீப்மைண்ட் 22 லட்சம் புதிய படிகங்களைக் கணித்தோம், அதில் 3,80,000 நிலைத்து நிற்கும் என்று அறிவித்தது. அதே நேரத்தில் பெர்க்லியில் ரோபோ ஆய்வகம் ஒன்று 17 நாளில் 41 பொருளைச் செய்ததாகச் சொன்னார்கள். பிறகு லண்டனிலிருந்து பால்கிரேவும் பிரின்ஸ்டனிலிருந்து ஷூப்பும் எக்ஸ்-ரே தரவை எடுத்து ஆராய்ந்து, அவற்றில் புதுப் பொருள் என்று சொல்லும்படி எதுவும் இல்லை, பல ஏற்கெனவே தெரிந்த, அணுக்கள் ஒழுங்கில்லாமல் கலந்திருக்கிற சேர்மங்கள்தான் என்று காட்டினார்கள். மாணவர்களுக்கு இந்த விவாதத்தைப் படிக்கக் கொடுத்தேன். கணினி ஒரு பெயரைச் சொல்வதற்கும் அது ஒரு குப்பியில் பொடியாக வந்து நிற்பதற்கும் நடுவில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று அதைவிட நன்றாக நான் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. இந்தத் தளத்தில் ஒவ்வொரு பொருளுக்கும், யாராவது செய்து பார்த்ததா இல்லை கணக்கில் மட்டும் இருப்பதா என்று குறித்திருப்பார்கள். அந்தக் குறியைப் பார்க்காமல் எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

நடைமுறைக்கு: போனிலேயே தேடலாம், எங்கள் பிள்ளைகள் பாதி வேலையை போனில்தான் செய்தார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான பொருளின் தரவை மொத்தமாக எடுக்க வேண்டுமென்றால் பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் தெரிய வேண்டும். நம் பயனர் கணக்கில் கடவுச்சொல் மாதிரி ஒரு ரகசியச் சாவி கொடுப்பார்கள், அதைப் போட்டுப் பத்து வரி எழுதினால் அட்டவணை வந்துவிடும், இணையத்திலேயே நிரலை ஓட்டித் தருகிற கூகுள் கோலாபில் ஓட்டினால் நல்ல கம்ப்யூட்டர்கூட வேண்டாம். பைத்தானே தெரியாத இரண்டு பேர் மூன்று வாரத்தில் பழகிக்கொண்டார்கள். சாவியை மட்டும் வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். தரவைப் பயன்படுத்தினால் எங்கிருந்து எடுத்தோம் என்று அறிக்கையில் குறிப்பிட வேண்டும், அது ஒன்றுதான் அவர்கள் கேட்கிற விலை. சொந்தமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கவும் ஆசை என்றால் குவான்டம் எஸ்ப்ரெஸோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, சிலிக்கானை சாதாரண லேப்டாப்பிலேயே சில நிமிஷத்தில் முடிக்கலாம். அதை ஓட்டி, தளத்தில் இருக்கிற 0.6-ஐத் தாங்களே வரவழைத்துப் பார்த்த பிறகுதான் மாணவர்களுக்கு அந்த எண் மேல் பயமும் போனது, குருட்டு நம்பிக்கையும் போனது.

பள்ளி ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன், படிக அமைப்பு நடத்த மட்டுமாவது இதைத் திறந்து காட்டுங்கள். ஆனால் நாளைக்கே பேனல் வாங்கப்போகிறவர் எந்த பேனல் நல்லது என்று தேடி இங்கே வந்தால் ஒன்றும் கிடைக்காது, இது அதற்கான இடம் இல்லை.

எங்கள் பட்டியல் கடைசியில் ஒரு நோட்டுப் பக்கத்துக்குச் சுருங்கியது. அதில் எங்கள் 500 டிகிரி ஃபர்னஸுக்குள் அடங்குகிறது செம்பு ஆன்டிமனி சல்ஃபைடு. இயற்கையிலேயே கனிமமாகக் கிடைப்பதுதான், புதிது இல்லை. இடைவெளி 1.5 பக்கம், ஒளியை நன்றாக விழுங்கும் என்று கணக்கு சொல்கிறது, ஆனால் செய்து பார்த்த செல்கள் சில விழுக்காட்டிலேயே நிற்கின்றன. ஏன் என்று பார்க்க ஆசை. சோனாங்குப்பத்து மாணவி செம்பு, ஆன்டிமனி, கந்தகம் மூன்றையும் எடை போட்டுக் கொடுத்தாள், புதுச்சேரியில் ஒரு நண்பர் குவார்ட்ஸ் குழாயில் வைத்துக் காற்றை உறிஞ்சி மூடித் தந்தார். மார்ச் கடைசியில் 450 டிகிரியில் மூன்று நாள் வைத்தோம், எம்சிபி விழாமல் இருக்க அந்த மூன்று நாளும் துறையில் வேறு எதையும் போடவில்லை, மின்விசிறிகூட இல்லை. குழாயை உடைத்தபோது கறுப்பும் சாம்பலும் கலந்த கட்டி, லேசாக மினுங்கியது. அரைத்து எக்ஸ்-ரேவுக்கு அனுப்பியிருக்கிறோம். தளத்தில் இருக்கிற கணக்கிட்ட கோடுகளை அவள் ஏற்கெனவே பெரிய தாளில் அச்சடித்து, துறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். எங்கள் கிராஃப் வந்ததும் அதன் கீழே ஒட்டிப் பார்த்துவிட்டு இந்த மதிப்புரையில் சேர்த்து எழுதுகிறேன்.